பின்னால் நிற்கிறவர்களின் ஆட்டம்

கேரம் போர்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால் குறைந்தது எட்டுப் பேராவது நிற்பார்கள். எங்கள் வடசென்னைப் பக்கத்துக் கணக்கு அது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று எந்தத் தெருவுக்குள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் நுழைந்தாலும் எங்காவது ஒரு மன்ற வாசலில் பல்பு தொங்கும். கீழே ட்ரம் மேல் ஏற்றிய போர்டு, சுற்றிலும் கும்பல். ஆடுகிறவன் வாயைத் திறக்க மாட்டான். பேச்செல்லாம் நிற்கிறவர்களுடையது. "கட் அடி", "டபுள் போடு", "ரெட்ட அப்புறம் பாத்துக்கலாம், ஓரத்துல நிக்கிறத மொதல்ல எடு". காய் தவறினால் அடித்தவனை விட அதிகமாகத் தலையில் அடித்துக்கொள்வது அவன் தோளுக்குப் பின்னால் நிற்பவன்தான்.

எனக்கு அந்தக் கும்பலில் இடம் கிடையாது. பெண்பிள்ளைகள் அங்கே போய் நின்றால் வீட்டில் பூசை விழும். ஆனால் நான் பிறந்த வீடு முதல் மாடி, மன்றத்துப் போர்டு எங்கள் பால்கனிக்கு நேர் கீழே. துணி எடுக்கப் போகிறேன், படிக்கப் போகிறேன், காற்று வாங்கப் போகிறேன் என்று ஏதாவது சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மேலேயிருந்து பார்த்ததில் ஒரு லாபம் இருந்தது. உட்கார்ந்து ஆடுகிறவனுக்குப் போர்டு சாய்வாகத்தான் தெரியும். எனக்கு முழுச் சதுரமும் தெரிந்தது. ஸ்ட்ரைக்கர் போர்டின் ஓரக் கட்டையில் எந்தச் சாய்வில் மோதினால் எந்தச் சாய்வில் திரும்பும், இரண்டு காய் ஒட்டி நின்றால் பின்னதைத் தட்டும்போது முன்னது எங்கே ஓடும் என்பதெல்லாம் கோடு போட்டுக் காட்டியது மாதிரி விளங்கும். பின்னாளில் கல்யாணமாகி வந்த வீட்டில் முதல் தடவை போர்டில் கை வைத்தபோது விரல் மக்கராகத்தான் இருந்தது. ஆனால் எங்கே அடிக்க வேண்டும் என்பதில் குழப்பமே வரவில்லை. என் கணவர் இன்றைக்கும் அதை நம்ப மாட்டார். "யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க" என்பார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

தெருவில் நிற்கத்தான் தடை. அதையும் தாண்டி ஆடி வந்த பெண்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்சில் உலக சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரிலிருந்து போன காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். மாநில அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. அதற்கெல்லாம் முன்னால் சென்னைக்காரர் மரிய இருதயம் இரண்டு முறை உலகப் பட்டம் அடித்து 1996இல் அர்ஜுனா விருதும் வாங்கியிருந்தார். இந்தப் பெயர்கள் பேப்பரில் வரும்போது எங்கள் தெருவில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். "இங்க ஆடாம வேற எங்க ஆடுவாங்க" என்பதோடு சரி. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்கிற கணக்கும் கூடவே ஓடும். எங்கள் ஊரில் விளையாட்டு என்பது பாதி வயிற்றுப்பாடு.

இப்போது எங்கள் வீட்டுச் சனிக்கிழமை.

தண்டையார்பேட்டையில் மாடி வீடு. ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. அதிலேயே ஒரு கட்டில், பீரோ, டிவி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் வருவார்கள். ஹார்பர் பக்கம் க்ளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் தோழி, என்னோடு கல்லூரியில் படித்து இப்போது வங்கியில் இருக்கும் இன்னொருத்தி, என் கணவரின் தம்பி, திருவொற்றியூரிலிருந்து வரும் ஒரு நண்பர். இந்த நண்பருக்கு எங்களிடையே 'வாத்தியார்' என்று பெயர். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் விதிப் புத்தகத்தை முதலில் எடுத்துப் படிக்கிற ஆள். முன்பெல்லாம் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு வெந்துபோய் வந்து சேர்வார். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு சரியான நேரத்துக்கு வந்து, தாமதமாக வரும் மற்றவர்களை முறைக்கிறார்.

இவர்கள் ஆடுகிறவர்கள். நிற்கிறவர்கள் என்று பார்த்தால் முதல் ஆள் என் மாமியார். கட்டிலில் சுவரோரம் ஒரு தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்துவிடுவார். பிறகு பக்கத்து வீட்டு அக்கா, அவருடைய பெண் (ஐந்தாம் வகுப்பு), சமயத்தில் கீழ் வீட்டு ஆட்டோ அண்ணன். அண்ணன் முதல் தடவை மேலே வந்தது சத்தம் தாங்கவில்லை என்று சண்டை போடத்தான். கதவைத் திறந்ததும் போர்டைப் பார்த்தார். "அந்தக் கறுப்ப நேரா அடிச்சா போவாதுமா. எதிர் கட்டையில மோதி வா" என்றார். அதற்குப் பிறகு சத்தம் பற்றிப் பேச்சே இல்லை.

கேடான் என்கிற ஜெர்மன் விளையாட்டை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது வங்கித் தோழி. 1995இல் வந்தது. அதை உருவாக்கிய கிளாஸ் டாய்பர் அதற்கு முன்னால் பல் செட் செய்கிற தொழிலில் இருந்தவர். பத்தொன்பது அறுகோண அட்டைகளை அடுக்கி ஒரு தீவு செய்ய வேண்டும். ஒவ்வொரு அட்டையும் காடு, செங்கல் மண், புல்வெளி, கோதுமை வயல், மலை என்று ஏதாவது ஒன்று. ஒன்று மட்டும் வெறும் பாலைவனம். அட்டை மேல் ஓர் எண் வில்லை. இரண்டு பகடையை உருட்டி என்ன கூட்டுத்தொகை வருகிறதோ அந்த எண் உள்ள நிலத்தை ஒட்டி வீடு கட்டியிருப்பவருக்கு அந்தப் பொருள் சீட்டாகக் கிடைக்கும். மரம், செங்கல், ஆடு, கோதுமை நாலும் சேர்ந்தால் ஒரு வீடு. யார் முதலில் பத்துப் புள்ளி சேர்க்கிறாரோ அவர் ஜெயித்தார். வேண்டியது கையில் இல்லையென்றால் மற்றவர்களோடு பேரம் பேசி மாற்றிக்கொள்ளலாம். ஆட்டத்தின் உயிர் அந்தப் பேரத்தில்தான் இருக்கிறது.

வாத்தியார் இதையெல்லாம் விளக்கி முடிப்பதற்குள் ஒரு ரவுண்டு டீ முடிந்து இரண்டாவது ரவுண்டு போட்டாயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்து, எல்லாருக்கும் பகடை உருட்டும் உத்தியோகத்தைக் கொடுத்தோம். நாலு பேர் ஆடுகிற ஆட்டம் என்பதால் நானும் என் கணவரும் ஒரே கை, வாத்தியார் விதி பார்க்கிறவர்.

முதல் அரைமணி நேரம் ஒழுங்காகப் போனது. அதற்கப்புறம் கொழுந்தனார் செங்கல் கேட்டு எல்லாரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தார். கொடுக்க யாருக்கும் மனசில்லை. "எங்கிட்டயும் ஒண்ணும் இல்லபா, இருந்தா தர மாட்டேனா" என்று பாவமாக முகத்தை வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் கட்டிலிலிருந்து அத்தை குரல்:

"ஏன்டா, மூணு ஆட்ட கையில வச்சிக்கினு இல்லாத மாதிரி அழுவுற? ஒரு ஆட்ட அவளுக்குக் குடுத்துட்டு கல்ல வாங்கு. அவ ஆடு இல்லாமதான் உக்காந்துகினு கீறா."

ஹாலே சிரித்தது. கொழுந்தனார் சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினார். "அம்மா, இது மறைச்சு வெக்கணும்மா!" அத்தைக்குக் கோபம். மறைத்து வைக்க வேண்டும் என்றால் தன்னை எதற்குப் பின்னால் உட்கார வைத்தார்கள் என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். ஹார்பர் தோழி அதற்குள் தன் பேரத்தை ஆரம்பித்துவிட்டாள். "மூணு ஆடு வச்சிருக்கீங்களா? அப்ப ஒரு ஆட்டுக்கு ஒரு கல்லுன்னு பேசாதீங்க. ரெண்டு ஆடு." கொழுந்தனார், "இது இன்னா ஆட்டுத்தொட்டியா, ரேட்டு ஏத்தி எறக்க?" என்றார். கடைசியில் இரண்டு ஆட்டுக்கு ஒரு செங்கல் என்று முடிந்தது. சுங்கத்தில் சரக்கை வெளியே எடுப்பதே பிழைப்பாக வைத்திருப்பவளிடம் வேறு எப்படி முடியும்?

இந்த ஆட்டத்தைச் செய்தவர் மூடிய அறையையும், மேஜையைச் சுற்றி நாலு நாற்காலியையும் மனதில் வைத்துத்தான் செய்திருப்பார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. நாற்காலிக்குப் பின்னால் ஒரு கட்டிலும், கட்டிலில் ஒரு மாமியாரும் இருப்பார் என்று விதியில் எங்கேயும் வராது. கேரமில் எல்லாம் வெட்டவெளி. யார் என்ன காய் எடுத்தார்கள், என்ன மிச்சம் என்று நிற்கிறவனுக்கும் தெரியும். தாயத்திலும் அப்படியே. சீட்டை மறைக்கிற ஆட்டங்கள்தான் பார்க்கிறவரைப் பிரச்சினையாக்குகின்றன. சதுரங்கம் இன்னொரு வகை. எல்லாமே கண்ணெதிரே இருக்கும், ஆனால் பின்னால் நிற்பவன் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். 2022 ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்த ஊர்தான் இது. இருந்தும் எங்கள் வீட்டில் சதுரங்கம் நிலைக்கவில்லை. ஆட்டோ அண்ணனால் அவ்வளவு நேரம் பேசாமல் நிற்க முடியாது.

ஆகவே கேடானுக்கு எங்கள் வீட்டு விதி ஒன்று போட்டோம். பார்க்கிறவர்கள் யார் பின்னாலாவது உட்கார்ந்துகொள்ளலாம். உட்கார்ந்தால் ஆட்டம் முடியும்வரை அந்தப் பக்கம்தான். யோசனையைக் காதில்தான் சொல்ல வேண்டும். எழுந்து இன்னொருவர் பக்கம் போனால் அந்த ஆட்டம் முழுக்க அடுக்களை டியூட்டி. வாத்தியார் இதை விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

விதி வந்ததும் அத்தை வேறு ஆளாகிவிட்டார். காதில் சொல்லும் யோசனைகள் கூர்மையாகிக்கொண்டே போயின. "அந்த சிவப்பு எழுத்து போட்ட நம்பர் பக்கமே கட்டு" என்றார் ஒரு முறை. ஆறும் எட்டும்தான் அந்தச் சிவப்பு எண்கள். இரண்டு பகடையில் வரக்கூடிய 36 வகையில் ஆறுக்கு ஐந்து வகை, எட்டுக்கு ஐந்து வகை. ஏழுக்கு ஆறு வகை உண்டு. ஆனால் ஏழு விழுந்தால் யாருக்கும் பொருள் கிடையாது. திருடன் பொம்மை கிளம்பும், கையில் ஏழு சீட்டுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியைக் கீழே போட வேண்டும். வாத்தியார் இந்தக் கணக்கை உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தார். அத்தை கேட்கவில்லை. "நான் தாயம் ஆடுனவ. எது வரும் எது வராதுன்னு பாத்தா தெரியாதா?"

சரி, தாயத்தில் தாயம் எத்தனைக்கு ஒரு தடவை விழும் என்று கேட்டார் வாத்தியார், சோதிப்பது மாதிரி. "எட்டு தபா உருட்டுனா ஒரு தபா" என்றார் அத்தை, யோசிக்காமல். வாத்தியார் பேப்பரை எடுத்தார். இரண்டு பித்தளைக் கட்டை. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: வெறும் பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் 16 வகை. ஒரு கட்டையில் வெறும் பக்கமும் மற்றதில் ஒன்றும் விழுந்தால் தாயம், அது இரண்டு வகையில் நடக்கும். பதினாறில் இரண்டு. எட்டில் ஒன்று. பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு மீதிச் சாயங்காலம் முழுக்க அவர் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

இடையில் சாப்பாடு. வியாசர்பாடி பி.வி. காலனிப் பக்கம் பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் போடுகிற அத்தோ கடைகள் உண்டு. கொழுந்தனார் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்சல் கட்டி வருவார். மஞ்சள் நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணி, மேலே நொறுக்கிப் போட்ட பொரிப்பு, கூட ஒரு கவரில் வாழைத்தண்டு சூப். சாப்பிடுகிறவர்களுக்குச் சொர்க்கம், விளையாட்டுச் சாமான்களுக்கு எமன். கேடான் சீட்டில் ஒரு கோதுமை இன்றைக்கும் எண்ணெய்க் கறையோடு இருக்கிறது. குப்புறப் போட்டாலும் அது கோதுமை என்று எல்லாருக்கும் தெரியும். கேரம் போர்டுக்கோ எண்ணெய் விரல் விஷம். அந்த இடத்தில் பவுடர் கட்டிக்கொள்ளும், காய் வழுக்காமல் மொத்தையாக நிற்கும். அதனால் சாப்பிட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவி, அத்தையிடம் நீட்டி மோந்து பார்க்கக் கொடுத்தால்தான் மறுபடி உட்கார அனுமதி.

பிசினஸ் மட்டும் எங்கள் வீட்டில் தடை. ஊரை வாங்கி வாடகை வசூலிக்கிற அந்த ஆட்டம், மோனோபலியின் உள்ளூர்ப் பிள்ளை. ஒருத்தர் ஓட்டாண்டி ஆகி எழுந்து போன பிறகும் மற்றவர்கள் ராத்திரி பதினொன்று வரை இழுப்பார்கள். தோற்றுப்போனவர் பார்க்கிறவராக மாறினாலும் பார்க்க அதில் ஒன்றும் இருக்காது, நோட்டு எண்ணுவதைத் தவிர. வங்கித் தோழியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வாரம் முழுக்க அவளுக்கு அதுதானே வேலை.

சாப்பாட்டுக்குப் பிறகு தாயம். இது பெண்கள் கட்சி. தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டை, பட்டாணி, உடைந்த வளையல், சட்டைப் பொத்தான் என்று ஆளுக்கு ஒரு வகைக் காய். இதில் பின்னால் நிற்கிறவர்கள் ஆண்கள். அந்தக் காட்சியே எனக்குப் பாதி சந்தோஷம். தாயம் விழாமல் காய் இறங்காது. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். ஒரு காயையாவது வெட்டியிருந்தால்தான் உள்கட்டத்துக்குள் போகலாம், மலை என்கிற பத்திரமான கட்டத்தில் உட்கார்ந்த காயைத் தொடக் கூடாது.

அத்தைக்கு இந்த ஆட்டத்தில் இரக்கமே கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவின் கடைசிக் காய் பழமாவதற்கு, அதாவது சுற்றி முடித்து நடுக்கட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்கு, சில கட்டங்களே மிச்சம். அத்தைக்குச் சரியாக மூன்று வேண்டும். பித்தளைக் கட்டைகளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். தேய்ப்பது என்றால் நிதானமாக, ஒன்றோடு ஒன்று உரசுகிற சத்தம் அந்த ஹாலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. ஆட்டோ அண்ணன், "மூணு விழுந்துச்சு, அக்கா காலி" என்றார். அக்கா, "வாய வச்சிக்கினு சும்மா இரு" என்றார். கட்டை உருண்டது. ஒன்றில் இரண்டு. இன்னொன்று கட்டில் காலில் மோதிச் சாய்ந்து நின்றது, ஒன்றா வெறும் பக்கமா என்று தீர்மானமாகச் சொல்ல முடியாதபடி.

அடுத்த கால் மணி நேரம் ஆட்டம் நடக்கவில்லை, வழக்கு நடந்தது. கட்டை சாய்ந்தால் மறுபடி உருட்ட வேண்டும் என்றார் அக்கா. எந்தப் பக்கம் அதிகம் தெரிகிறதோ அதுதான் கணக்கு என்றார் அத்தை. எங்க ஊரில் கட்டில் காலில் பட்டாலே செல்லாது என்றாள் ஹார்பர் தோழி, அவளும் இதே தண்டையார்பேட்டையில் பிறந்தவள் என்பதை வசதியாக மறந்துவிட்டு. வாத்தியாரைக் கேட்டால் தாயத்துக்கு விதிப் புத்தகம் கிடையாது என்று கையை விரித்தார். ஐந்தாம் வகுப்புப் பெண் குனிந்து படுத்துக் கட்டையைக் கண்ணுக்கு நேராகப் பார்த்து, "ஒண்ணுதான் பாட்டி" என்று தீர்ப்புச் சொன்னாள். அவளுடைய அம்மாவின் காய்தான் வெட்டுப்பட்டது. அக்கா மகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கடைசியாகக் கேரம். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் போர்டு. ரெட்டுக்கு எங்கள் தெருக் கணக்கில் ஐந்து. சம்மேளன விதிப்படி மூன்றுதான், அதுவும் ஆடுகிறவர் 22 புள்ளியைத் தொட்டுவிட்டால் ரெட்டுக்குப் புள்ளியே கிடையாது. வாத்தியார் ஒவ்வொரு தடவையும் இதை எடுத்துச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் ஐந்துக்குத்தான் ஆடுவோம். நானும் ஹார்பர் தோழியும் ஒரு ஜோடி, எதிரே கொழுந்தனாரும் என் கணவரும். எங்கள் வெள்ளையில் இரண்டு பாக்கி, ரெட் இன்னும் போர்டில், இடதுபக்கக் குழிக்கு அருகே கட்டையோடு ஒட்டி நிற்கிறது. நேரே அடித்தால் போகாது. பின்னாலிருந்து நாலு பேர் நாலு யோசனை சொன்னார்கள். நான் எழுந்து நின்றேன். எழுந்து நின்று ஆட முடியாது, தெரியும். பார்ப்பதற்காகத்தான் எழுந்தேன். மேலேயிருந்து பார்த்ததும் எதிர்க் கட்டையில் ஒரு புள்ளி தெரிந்தது. உட்கார்ந்து அந்தப் புள்ளியைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு அடித்தேன். ஸ்ட்ரைக்கர் மோதித் திரும்பி வந்து ரெட்டின் பக்கவாட்டில் தட்டியது. ரெட் கட்டையை உரசிக்கொண்டே ஓடி உள்ளே விழுந்தது. ரெட்டுக்கு அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ எளிதான வெள்ளை, அதையும் போட்டேன். "எழுந்து நிக்கிறது ஃபவுல்" என்றார் கொழுந்தனார். வாத்தியார் விதியைத் தேடப் போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது வங்கித் தோழி அடுத்த மாதம் ரயில் பாதை போடுகிற ஓர் ஆட்டம் கொண்டு வருவதாகச் சொன்னாள். ஊருக்கு ஊர் தண்டவாளம் போட வேண்டும், யாருக்கு எந்த ஊரிலிருந்து எந்த ஊர் என்பது டிக்கெட் சீட்டில் இருக்கும்.

"அந்த டிக்கெட்ட மத்தவங்களுக்குக் காட்டணுமா, மறைக்கணுமா?" என்றார் அத்தை கட்டிலிலிருந்து.

"மறைக்கணும் அத்தை."

"அப்ப நான் உன் பின்னாலதான் உக்காருவேன். இவன் பின்னால வேணாம், சொன்னா கேக்க மாட்டான்."